கருப்புப் பட்டியல் உத்தரவு எப்போது நிற்கும், எப்போது விழும்? (அரசுப் பணி ஒப்பந்ததாரர் பதிவும் ஒழுங்கு நடவடிக்கையும்)

#1 | நிலவரைபடம்

விவாதத்துக்காக ஒரு மாதிரி நோட்டீஸ்:

"தங்கள் நிறுவனம் மேற்கொண்ட கட்டடப் பணியில் கான்கிரீட்டின் தரம் குறைவாக உள்ளது என ஆய்வில் தெரியவந்துள்ளது. இதற்கான விளக்கத்தை 7 நாட்களுக்குள் அளிக்கவும். தவறினால் ஒப்பந்த விதிகளின்படி உரிய நடவடிக்கை எடுக்கப்படும்."

ஒப்பந்ததாரர் ஆறாம் நாளே பதில் கொடுத்துவிடுகிறார். அடுத்து வருவது இரண்டே வரி: "தங்கள் விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை. தங்கள் நிறுவனம் ஐந்தாண்டுகளுக்குக் கருப்புப் பட்டியலில் சேர்க்கப்படுகிறது."

என் கேள்விகள்: இந்த உத்தரவு நிற்குமா? ஐந்தாண்டு என்பது எங்கிருந்து வந்தது? ஒரு துறை போட்ட தடை மற்ற துறைகளையும் கட்டுமா? தனியார் வீடு கட்டும் கான்ட்ராக்டருக்கு இப்படி ஏதாவது உண்டா?

#2 | சட்டக்குறிப்பு

நிற்காது. கான்கிரீட் நன்றாக இருந்ததா மோசமாக இருந்ததா என்ற கேள்விக்குப் போவதற்கு முன்பே விழுந்துவிடும்.

1974-லேயே எருசியன் எக்விப்மென்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடிப்படையைச் சொல்லிவிட்டது: ஒருவரைக் கருப்புப் பட்டியலில் சேர்க்கும் முன் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும். அரசோடு வியாபாரம் செய்யும் சம வாய்ப்பையே அது பறிக்கிறது என்பது காரணம். நோட்டீஸ் எப்படி இருக்க வேண்டும் என்பதை 2014-ல் கோர்க்கா செக்யூரிட்டி வழக்கு இன்னும் கறாராக்கியது. நோட்டீஸில் இரண்டு விஷயம் கட்டாயம்: குற்றச்சாட்டு என்ன, அதற்கு என்ன நடவடிக்கை உத்தேசம். "கருப்புப் பட்டியல்" என்று அச்சாக எழுதாவிட்டாலும், நோட்டீஸை வாசிக்கிறவருக்கு அதுதான் வரப்போகிறது என்று தெளிவாகப் புரிய வேண்டும். "உரிய நடவடிக்கை" என்றால் அபராதமாகவும் இருக்கலாம், டெபாசிட் பறிமுதலாகவும் இருக்கலாம். வாழ்வாதாரத்தையே தொடும் தண்டனைக்கு அந்தச் சொல் போதாது.

2020 நவம்பரில் யு.எம்.சி. டெக்னாலஜீஸ் வழக்கில் இதையே மறுபடி சொல்லி, இந்திய உணவுக் கழகம் போட்ட ஐந்தாண்டுத் தடையை ரத்து செய்தார்கள். அது கட்டுமானம் அல்ல, ஆட்சேர்ப்புத் தேர்வு நடத்தும் ஒப்பந்தம். ஆனாலும் விதி எல்லா அரசு ஒப்பந்தத்துக்கும் ஒன்றுதான்.

நீங்கள் காட்டிய இரண்டு வரி உத்தரவில் தனியாக இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. காரணமே இல்லை. பதிலில் சொன்ன ஒவ்வொரு விஷயத்தையும் எடுத்து, ஏன் ஏற்கவில்லை என்று எழுதாத உத்தரவை ரிட் மனுவில் (அரசு உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடுவது) காப்பாற்றுவது அரசு வழக்கறிஞருக்குப் பெரும்பாடு.

#3 | மேலாய்வு

துறைப் பக்கத்திலிருந்து ஒரு விளக்கம். இந்தத் தவறு பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை. பழைய கோப்பில் இருக்கும் வாசகத்தைத் தேதி மாற்றி அப்படியே அனுப்புகிறார்கள். அந்த வாசகம் பணி தாமதத்துக்கு எழுதியதாக இருக்கும்.

நான்கு வெவ்வேறு நடவடிக்கைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் மூலகாரணம்:

ஒன்று, ஒப்பந்த முறிவு. அது அந்த ஒரு பணியோடு முடியும். அதிகாரம் ஒப்பந்த ஷரத்திலிருந்து வருகிறது. அளவெடுத்து, மீதிப் பணியை வேறொருவரிடம் கொடுத்து, கூடுதல் செலவை வசூலிப்பது இதில் சேரும்.

இரண்டு, டெபாசிட் அல்லது செயல்திறன் பிணையைப் பறிமுதல் செய்வது. இதற்கும் ஷரத்துதான் ஆதாரம்.

மூன்று, பதிவு மீதான நடவடிக்கை. பொதுப்பணித் துறையிலோ மத்தியப் பொதுப்பணித் துறையிலோ ஒப்பந்ததாரர் ஒரு வகுப்பில் பதிவு செய்திருப்பார். அந்தப் பதிவு விதிகளின்படி வகுப்பைக் குறைக்கலாம், பதிவை நிறுத்திவைக்கலாம், நீக்கலாம். இங்கே அதிகாரி யார் என்பது முக்கியம். பதிவு கொடுத்த அலுவலகம்தான் பதிவில் கை வைக்க முடியும். கண்காணிப்புப் பொறியாளர் கொடுத்த பதிவைச் செயற்பொறியாளர் நீக்கினால் அந்த ஒரு காரணத்துக்காகவே உத்தரவு போய்விடும்.

நான்கு, கருப்புப் பட்டியல். எதிர்காலத்தில் டெண்டரே போட முடியாது என்ற தடை.

நான்குக்கும் நான்கு நோட்டீஸ் வேண்டும், குறைந்தபட்சம் ஒரே நோட்டீஸில் நான்கு தனிப் பத்தியாவது வேண்டும். முறிவுக்குக் கொடுத்த நோட்டீஸை வைத்துக்கொண்டு கருப்புப் பட்டியலுக்குப் போகக் கூடாது.

#4 | கியூப்மோல்டு

எல்லோரும் காகிதத்தையே பேசுகிறீர்கள். "தரம் குறைவாக உள்ளது என ஆய்வில் தெரியவந்துள்ளது" என்ற வரியில் எனக்கு உறுத்துவது "ஆய்வு" என்ற சொல். என்ன ஆய்வு?

பல கோப்புகளில் இது ரீபவுண்டு சுத்தியல் (பரப்பில் தட்டி, எவ்வளவு துள்ளுகிறது என்று பார்க்கும் கருவி) மட்டும்தான். பத்து இடத்தில் தட்டிப் பார்த்து, சராசரி எண்ணை வரைபடத்தில் வைத்து, "எம்30 கேட்டால் 22 தான் வருகிறது" என்று அறிக்கை. (எம்30 என்றால் 28 நாளில் 30 நியூட்டன்/ச.மி.மீ. வலிமை வர வேண்டிய கான்கிரீட்.) அந்தச் சோதனைக்கான இந்தியத் தர நிர்ணயமே அதன் கணிப்பு 25 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று சொல்கிறது. பரப்பு ஈரமாக இருந்தால் எண் குறையும், பழைய கான்கிரீட்டில் கார்பனேற்றம் நடந்திருந்தால் எண் கூடும். எங்கே சந்தேகம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க நல்ல கருவி. ஒருவரை ஐந்தாண்டு வெளியே நிறுத்த ஆதாரம் ஆகாது.

வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் கியூப் பதிவேடு, அதாவது வார்க்கும்போதே எடுத்து வைத்த கனசதுர மாதிரிகளின் சோதனை முடிவுகள். ஐ.எஸ். 456 : 2000 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம்) படி மாதிரி எண்ணிக்கை: 1 முதல் 5 கன மீட்டர் வரை 1, 15 வரை 2, 30 வரை 3, 50 வரை 4, அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் 50 கன மீட்டருக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 1. ஆக 60 கன மீட்டர் தளம் போட்டால் 5 மாதிரி. மாதிரிக்கு 3 கியூப், மொத்தம் 15 கியூப் 28 நாள் சோதனைக்கு மட்டும். 7 நாள் சோதனை வேண்டுமானால் அது தனி. மூன்று கியூபில் ஏதாவது ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த மாதிரியே செல்லாது. இந்த விதியைக் கணக்கில் எடுக்காமல் மோசமான ஒரு கியூபை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதிய நோட்டீஸ்கள் உண்டு.

எம்30 என்றால் எந்த ஒரு மாதிரி முடிவும் 27 நியூட்டன்/ச.மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. தொடர்ச்சியான நான்கு மாதிரிகளின் சராசரி குறைந்தது 33 இருக்க வேண்டும், திட்ட விலக்கத்தைப் பொறுத்து இன்னும் கூடலாம். (30-லிருந்து 3 கழித்தும் கூட்டியும் வந்தவை இவை. திருத்தத்துக்கு முந்தைய பழைய பிரதியில் 3-க்குப் பதில் 4 இருக்கும், எந்தப் பிரதியை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்று பாருங்கள்.)

கியூப் தோற்றால் அடுத்தது கோர், அதாவது கட்டியதிலிருந்தே துளைத்தெடுக்கும் உருளை மாதிரி. குறைந்தது மூன்று கோர் எடுக்க வேண்டும். கோரின் விட்டம் ஜல்லியின் அதிகபட்ச அளவைப் போல மூன்று மடங்கு இருப்பது நல்லது, இரண்டு மடங்குக்குக் கீழே கூடவே கூடாது. கம்பி வெட்டுப்பட்ட கோரை ஒதுக்கிவிட்டு வேறு எடுங்கள். உயரம், விட்டம் விகிதத்துக்கான திருத்தம் செய்து, கியூப் வலிமைக்கு மாற்ற 1.25-ஆல் பெருக்க வேண்டும். சராசரி 85 சதவீதம் எட்டி, எந்தத் தனிக் கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகாவிட்டால் கான்கிரீட் ஏற்கத்தக்கது. எம்30-க்கு 25.5, 22.5. இதற்கு மேலே வந்துவிட்டால் "தரமற்ற கான்கிரீட்" என்ற குற்றச்சாட்டே ஆட்டம் காணும்.

அதுவும் தோற்றால் பாரச் சோதனை. முழு நிலைப் பாரத்தோடு (கட்டடத்தின் சொந்த எடை) பயன்பாட்டுப் பாரத்தின் (ஆள், பொருள் எடை) 1.25 மடங்கை 24 மணி நேரம் ஏற்றி வைத்து, பிறகு பயன்பாட்டுப் பாரத்தை இறக்க வேண்டும். அடுத்த 24 மணி நேரத்துக்குள் அதிகபட்சத் தொய்வில் 75 சதவீதமாவது மீள வேண்டும். மீளாவிட்டால் 72 மணி நேர இடைவெளிக்குப் பின் இன்னொரு முறை. அப்போது 80 சதவீதம்.

இவ்வளவு படிகள் இருக்கும்போது சுத்தியலோடு நின்றுவிட்டுத் தண்டனைக்குப் போனால் அது ஒழுங்கு நடவடிக்கை ஆகாது.

#5 | டெண்டர்பெட்டி

கியூப்மோல்டு சார் சொன்னதோடு ஒன்று. கியூப் பதிவேட்டில் கையெழுத்து யாருடையது? வார்த்த அன்று தளத்தில் நின்ற உதவிப் பொறியாளருடையது. எம்.புக்கில் (பணியின் அளவுப் புத்தகம்) அளவு எழுதியதும் அவர்தான், அதைச் சரிபார்த்தது உதவி செயற்பொறியாளர். பில் பாஸ் ஆனது. பிறகு ஒரு புகார் வந்ததும் ஒப்பந்ததாரர் மட்டும் குற்றவாளி. கையெழுத்துப் போட்டவர் பெயர் நோட்டீஸில் எங்குமே வருவதில்லை.

#6 | மேலாய்வு

உண்மைதான், ஆனால் அதை முழு எதிர்வாதமாக நம்பாதீர்கள். இடைக்கால பில் என்பது முன்பணம் மாதிரிதான். பணி ஏற்கப்பட்டதற்குச் சான்று ஆகாது. மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது நிபந்தனைகளில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. பில் பாஸ் ஆனது என்பதால் குறைபாட்டுப் பொறுப்பு தீராது.

எம்.புக் உதவுவது வேறு இடத்தில். தேதிகள். "அந்தத் தளம் வார்த்த நாளில் கியூப் எடுக்கவில்லை" என்று நோட்டீஸ் சொல்கிறது, எம்.புக்கின் அதே பக்கத்தில் சோதனை எண் இருக்கிறது என்றால் குற்றச்சாட்டு அங்கேயே உடைகிறது. தளக் குறிப்பேட்டில் "வரைபடம் இன்னும் வரவில்லை", "கம்பி சரிபார்ப்புக்கு அழைத்தோம், யாரும் வரவில்லை" என்று அன்றன்றைக்கு எழுதி வைத்திருந்தால் அதன் மதிப்பே தனி. தகராறு வந்த பிறகு முன்தேதி போட்டு எழுதியது எவருக்கும் தெரிந்துவிடும். ஒரே பேனா, ஒரே அழுத்தம்.

#7 | கியூப்மோல்டு

பதிவேட்டைப் பற்றி ஒரு இடைச்செருகல். வரிசையாக இருபது மாதிரியும் 36.2, 36.4, 36.3 என்று வந்தால் அது நல்ல கான்கிரீட்டுக்கு அடையாளம் இல்லை, நல்ல எழுத்தருக்கு அடையாளம். ஒழுங்காகக் கலந்த கான்கிரீட்டிலும் இயல்பான சிதறல் இருக்கும். விஜிலென்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். அப்புறம் இயந்திரத்தின் அளவீட்டுச் சான்று அந்தத் தேதியில் உயிரோடு இருந்ததா, மாதிரி எடுத்த தேதிக்கும் சோதித்த தேதிக்கும் உண்மையிலேயே 28 நாள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பொங்கல் அன்று லேபில் கியூப் உடைத்ததாக எழுதியிருந்தால் யார் நம்புவார்?

#8 | நிலவரைபடம்

சரி, நோட்டீஸ் ஒழுங்காக இருக்கிறது, கோரும் தோற்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டு என்ற எண் எப்படி?

#9 | சட்டக்குறிப்பு

குல்ஜா இண்டஸ்ட்ரீஸ் வழக்கு, பி.எஸ்.என்.எல். சம்பந்தப்பட்டது. ஒப்பந்தம் கொடுப்பவருக்குக் கருப்புப் பட்டியலில் சேர்க்கும் அதிகாரம் இயல்பாகவே உண்டு, தனிச் சட்டம் தேவையில்லை என்று அதில் சொன்னார்கள். ஆனால் தண்டனை குற்றத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டும், நிரந்தரமாகத் தள்ளிவைக்கக் கூடாது. பார்க்க வேண்டியவை: உண்டான சேதம், அது ஒருமுறை நடந்ததா தொடர்ந்து நடப்பதா, உள்ளே யார் திட்டமிட்டது, நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு சரிசெய்ததா, விசாரணைக்கு ஒத்துழைத்ததா.

இந்த அளவுகோல் கட்டுமானத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒடிசா அரசு எதிர் பாண்டா இன்ஃப்ராபிராஜெக்ட், 2022 பிப்ரவரி. புவனேஸ்வரில் கட்டிக்கொண்டிருந்த மேம்பாலத்தின் ஒரு பகுதி 2017 செப்டம்பரில் இடிந்து ஒருவர் இறந்தார். அரசு நிரந்தரத் தடை போட்டது. உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் தடையை மீட்டுக் கொடுத்து, காலத்தை மட்டும் ஐந்தாண்டாகக் குறைத்தது. உயிர் போன வழக்கிலேயே ஐந்து ஆண்டுதான். அப்படியிருக்க, சிமென்ட் பூச்சு உதிர்ந்ததற்கும் அதே ஐந்து என்று எழுதுகிறவர் காரணம் சொல்லியாக வேண்டும்.

காலமே குறிப்பிடாத உத்தரவும் ஓடாது. வெட்இண்டியா பார்மசூட்டிகல்ஸ் வழக்கு, 2020. 2024-ல் புளூ டிரீம்ஸ் வழக்கில் இன்னொரு பக்கத்தைத் தொட்டார்கள்: இரு தரப்புக்கும் நியாயமான தகராறு இருக்கிற சாதாரண ஒப்பந்த மீறலுக்கு இந்த ஆயுதத்தை எடுக்கக் கூடாது. பாக்கித் தொகை தகராறு, அளவு தகராறு, காலநீட்டிப்புத் தகராறு எல்லாம் இந்த வகை.

#10 | டெண்டர்பெட்டி

வழக்குப் போட்டு ஜெயிப்பது சரி. அதற்குள் ஒன்றரை வருடம் டெண்டர் போச்சு. யந்திரங்களுக்கு மாதத் தவணை நிற்குமா? நடைமுறையில் நோட்டீஸ் கட்டத்திலேயே தடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

#11 | சட்டக்குறிப்பு

ஒத்துக்கொள்கிறேன். நீதிமன்றத்தில் வெற்றி என்பதுகூடப் பல நேரம் "புதிய நோட்டீஸ் கொடுத்து மறுபடி விசாரியுங்கள்" என்பதாகவே முடியும். அதனால் பதிலைச் சும்மா "மறுக்கிறோம்" என்று எழுதி அனுப்பாதீர்கள்.

முதல் வேலை, ஆவணம் கேட்டுக் கடிதம்: ஆய்வறிக்கை, சோதனை முடிவுகள், மாதிரி எடுத்த இடத்தின் குறிப்பு, புகார் நகல். ஏழு நாள் போதாது என்றால் ஏன் போதாது என்று அதே கடிதத்தில் எழுதி, குறிப்பிட்ட தேதி வரை அவகாசம் கேளுங்கள். பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் இரண்டும். ஆவணம் தராமல் முடிவெடுத்தால் அதுவே பின்னால் பெரிய காரணம்.

இரண்டாவது, பத்திவாரியாகப் பதில். நோட்டீஸின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதில், ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு இணைப்பு எண். அவர்கள் உத்தரவு எழுதும்போது எதையாவது தொடாமல் விட்டால் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவது, கூட்டுச் சோதனைக்கு நீங்களே அழையுங்கள். அரசுப் பொறியியல் கல்லூரி லேப், இரு தரப்பும் கையெழுத்திட்டு முத்திரையிட்ட கோர். செலவு உங்களுடையது என்றாலும் பரவாயில்லை. உங்கள் கான்கிரீட் மேல் உங்களுக்கே நம்பிக்கை இல்லாவிட்டால் இந்தப் பத்தியை எழுதாதீர்கள்.

நான்காவது, நேரில் விசாரணை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். எல்லா வழக்கிலும் நேர் விசாரணை கட்டாயம் இல்லை. ஆனால் கேட்டும் மறுத்தார்கள் என்பது கோப்பில் இருக்கட்டும்.

"கருப்புப் பட்டியல் உத்தேசம் நோட்டீஸில் இல்லை" என்பதையும் பதிலிலேயே சொல்லிவிடுவதா என்பது தந்திரம் சார்ந்தது. சொன்னால் அவர்கள் நோட்டீஸைத் திருத்திக்கொள்வார்கள்.

#12 | மேலாய்வு

அந்தக் கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. பதுங்கி இருந்து நோட்டீஸின் ஓட்டையை வைத்து ஜெயிப்பது ஒப்பந்ததாரருக்கு லாபம்தான். ஆனால் உண்மையிலேயே மோசமாகக் கட்டியவரும் இதே கதவு வழியாகத்தான் வெளியே போகிறார். துறை எழுதத் தெரியாமல் எழுதுவதால் இடிந்த கட்டடத்தின் ஒப்பந்ததாரர் அடுத்த மாதம் இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு டெண்டர் போடுகிறார். எனக்கு இதில் கோபம் நீதிமன்றத்தின் மேலும் இல்லை, வக்கீல் மேலும் இல்லை. நோட்டீஸ் எழுத அரை மணி நேரம் ஒதுக்காத அலுவலகத்தின் மேல்.

துறையில் இருப்பவர்கள் இதை வாசித்தால் ஒரு மாதிரி: "மேற்கண்ட குற்றச்சாட்டுகள் நிரூபணமானால், தங்கள் நிறுவனத்தை இத்துறையின் டெண்டர்களில் பங்கேற்பதிலிருந்து ___ ஆண்டு காலம் தடை செய்ய உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஏன் அவ்வாறு செய்யக் கூடாது என்பதற்கான காரணங்களை, இணைப்பு 1 முதல் ___ வரையிலான ஆவணங்களைப் பார்வையிட்டு, 15 நாட்களுக்குள் தெரிவிக்கவும்." இந்த இரண்டு வாக்கியம் இருந்தால் கோர்க்கா செக்யூரிட்டி வாதம் எடுபடாது.

#13 | நிலவரைபடம்

ஒரு துறையின் தடை மற்ற துறைகளையும் கட்டுமா என்பது இன்னும் பாக்கி.

#14 | மேலாய்வு

மத்திய அரசு என்றால் 2017 பொது நிதி விதிகளின் 151-வது விதியும், நிதி அமைச்சகச் செலவினத் துறையின் 2021 நவம்பர் 2 தேதியிட்ட சுற்றறிக்கையும். ஊழல் தடுப்புச் சட்டம் போன்றவற்றில் தண்டனை பெற்றவர்களுக்கு அதிகபட்சம் மூன்றாண்டுத் தடை. நேர்மைக் கோட்பாட்டை மீறினால் கொள்முதல் செய்யும் அமைப்பு இரண்டாண்டு வரை தடை செய்யலாம். ஒரு அமைச்சகத்தின் தடை அந்த அமைச்சகத்தோடுதான். எல்லா அமைச்சகங்களுக்கும் நீட்டிக்க வேண்டுமானால் செயலர் ஒப்புதலோடு முழுக் குறிப்பைச் செலவினத் துறைக்கு அனுப்ப வேண்டும்.

ஒப்பந்ததாரர்கள் அடிக்கடி தப்பாகப் புரிந்துகொள்ளும் சில: தடைக்கு முன்பே கையெழுத்தான ஒப்பந்தங்களைத் தடை பாதிக்காது. தொழில்நுட்ப ஏலம் திறக்கும் நாளிலும் சரி, ஒப்பந்தம் வழங்கும் நாளிலும் சரி, தடைப் பட்டியலில் பெயர் இருக்கக் கூடாது. இடையில் தடை வந்தாலும் போச்சு. தடை பெற்றவர் போட்ட ஏலத்தை ஒதுக்கிவிட்டு அடுத்த குறைந்த விலைக்காரரை எல்-1 (மிகக் குறைந்த விலைக்காரர்) ஆகக் கொள்வார்கள், டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். காலம் முடிந்ததும் தடை தானாகவே நீங்கும், தனி உத்தரவு தேவையில்லை. கூட்டு நிறுவனம் தடைபட்டால் அதிலுள்ள எல்லாப் பங்காளிகளும் தடைபட்டவர்களே.

மாநில அரசுத் துறைகளுக்கு இந்த விதி நேரடியாகப் பொருந்தாது. தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 2000-ஆம் ஆண்டு விதிகள், அத்தோடு அந்தந்தத் துறையின் பதிவு விதிகள். அந்தச் சட்டத்தில் இருக்கும் பத்து நாள் மேல்முறையீடு டெண்டரை ஏற்றது, நிராகரித்தது பற்றியது. கருப்புப் பட்டியல் உத்தரவுக்கு அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். அதற்கு வழி உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-வது பிரிவு ரிட்.

#15 | டெண்டர்பெட்டி

மனைவி பெயரில் புதுக் கம்பெனி என்று ஒரு "தீர்வு" ஊரெல்லாம் சொல்கிறார்களே?

#16 | மேலாய்வு

அதே 2021 சுற்றறிக்கையில் அதற்கும் பதில் இருக்கிறது. "சார்பு நிறுவனம்" என்ற வரையறை: நிர்வாகம் ஒன்றாக இருந்தால், தடைபட்ட நிறுவனத்தின் பங்குதாரர்களோ இயக்குநர்களோ பெரும்பான்மைச் செல்வாக்கு வைத்திருந்தால், கட்டுப்படுத்தும் பங்கு வைத்திருந்தால், வாரிசு நிறுவனமாக இருந்தால் எல்லாம் தடைக்குள்தான். ஒரே அலுவலக முகவரி, ஒரே யந்திரப் பட்டியல், ஒரே தளப் பொறியாளர் என்று மூன்று ஆவணத்தில் பிடித்துவிடலாம். ஆனால் உத்தரவில் பங்குதாரர் பெயர்களை எழுதாமல் நிறுவனப் பெயரை மட்டும் எழுதினால் அடுத்த அதிகாரிக்குத் தேடிப் பிடிக்க வழியில்லை. அதுவும் அலட்சியம்தான்.

#17 | சட்டக்குறிப்பு

தரக் குறைபாட்டை விட அதிகம் பேர் மாட்டுவது போலி ஆவணத்தில். அதையும் பேசிவிடலாம்.

#18 | மேலாய்வு

அனுபவச் சான்றிதழ்தான் முதலிடம். மத்திய விஜிலென்ஸ் ஆணையத்தின் 2002 வழிகாட்டுதலின்படி, கடந்த ஏழு ஆண்டுகளில் மதிப்பீட்டில் 40 சதவீத அளவுக்கு மூன்று ஒத்த பணிகள், அல்லது 50 சதவீத அளவுக்கு இரண்டு, அல்லது 80 சதவீத அளவுக்கு ஒன்று. இந்த 80 சதவீதத்தைத் தொடுவதற்காகத்தான் 1.2 கோடி பணி சான்றிதழில் 2.1 கோடி ஆகிறது.

சரிபார்ப்பது ஒன்றும் கடினமில்லை. ஒப்பந்த எண், எம்.புக் எண், இறுதி பில் வவுச்சர் தேதி மூன்றையும் கேட்டு, சான்றிதழ் கொடுத்த கோட்டத்துக்கே நேரடியாகக் கடிதம் போடுங்கள். ஒப்பந்ததாரர் கையில் கொடுத்து "உறுதிப்படுத்தி வாங்கி வாருங்கள்" என்று அனுப்பக் கூடாது; வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் அப்படியும் நடக்கிறது. தனியார் பணி என்றால் படிவம் 26ஏஎஸ்-ல் (வருமான வரிப் பிடித்தக் கணக்கு) அந்தத் தொகைக்கு வரிப்பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். இரண்டு கோடி ரூபாய்க்குக் கட்டடம் கட்டினேன் என்பவர் கணக்கில் வரிப்பிடித்தம் பூஜ்யம் என்றால் மேலே பேச வேண்டியதில்லை.

வங்கி உத்தரவாதத்துக்கு எஸ்.எஃப்.எம்.எஸ். (வங்கிகளுக்கு இடையிலான பாதுகாப்பான செய்தி முறை) செய்தி வந்ததா என்று துறையின் வங்கியில் கேளுங்கள். காகிதத்தில் இருக்கும் போன் நம்பருக்கு அடித்து உறுதி செய்தால், எடுப்பவரும் அவர்கள் ஆளாகவே இருக்கலாம்.

#19 | டெண்டர்பெட்டி

சிண்டிகேட்டையும், அதாவது கூடிப் பேசிவைத்து டெண்டர் போடுவதையும், சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று ஏலம், மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை, டி.டி. எண்கள் அடுத்தடுத்து, பதிவேற்றிய ஐ.பி. முகவரி ஒன்றே. இதற்குத் துறைத் தடை மட்டுமல்ல, 2002 போட்டிச் சட்டத்தின் 3-வது பிரிவும் வரும். அபராதம் அந்தக் காலத்து லாபத்தில் மூன்று மடங்கு வரையோ விற்றுமுதலில் 10 சதவீதம் வரையோ, எது அதிகமோ அது.

#20 | மட்டப்பலகை

தனியார் வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். சுருக்கமான பதில்: வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டருக்கு நம் ஊரில் தொழில் உரிமம் என்று ஒன்று தேவையில்லை. ஆகவே ரத்து செய்ய எதுவும் இல்லை, புகார் கேட்க ஒழுங்கு வாரியமும் இல்லை.

2019 தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் பதிவுபெற்ற பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர் போன்ற வல்லுநர்கள் உண்டு. வரைபடத்தில் கையெழுத்திடும் அவர்களுக்குப் பொறுப்பு இருக்கிறது. கூலி பேசி ஆள் கொண்டுவரும் மேஸ்திரி அந்த வலைக்குள் வருவதில்லை. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்த பிறகும் இந்த இடைவெளி அப்படியே இருக்கிறது.

அடுக்குமாடி வாங்கியவர்களுக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016. 14-வது பிரிவின் 3-வது உட்பிரிவு: ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பு அல்லது வேலைத்தரக் குறைபாட்டைச் சொன்னால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். இது விற்பவர் மேல் விழும் பொறுப்பு. அவர் வைத்த ஒப்பந்ததாரர் மேல் நேராக விழாது. 500 சதுர மீட்டர் நிலம் வரையோ 8 வீடுகள் வரையோ உள்ள திட்டங்களுக்குப் பதிவே தேவையில்லை.

சொந்த மனையில் வீடு கட்டுபவருக்கு நுகர்வோர் ஆணையம்தான். 2019 சட்டத்தில் வீடு கட்டித் தருவது சேவை என்றே இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம். இரண்டாண்டுக் காலவரம்பு. ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இல்லை, பணம் ரொக்கத்தில் போனது என்றால் அங்கேயும் கையைப் பிசைய வேண்டியதுதான்.

#21 | கடல்தாண்டி

ஒப்பிட ஒரு குறிப்பு. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் 1,000 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு உரிமம் கட்டாயம். அதற்கு முன் வரம்பு 500 டாலர். அங்கே பல் இருப்பது அந்த மாநிலத் தொழில் சட்டத்தின் 7031-வது பிரிவில். உரிமம் இல்லாதவர் வேலை செய்தால் கூலி கேட்டு வழக்கே போட முடியாது, வாங்கிய பணத்தையும் வீட்டுக்காரர் திரும்பக் கேட்கலாம். 25,000 டாலர் பிணைப் பத்திரமும் வேண்டும். சிங்கப்பூரில் பொதுக் கட்டுநர் உரிமம் இரண்டு வகுப்பு. இரண்டாம் வகுப்புக்காரர் 60 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரையிலான பணிகள்தான் செய்யலாம்.

#22 | மட்டப்பலகை

அந்த 7031 மாதிரி ஒன்றுதான் இங்கே வேலை செய்யும் என்று நினைக்கிறேன். இன்ஸ்பெக்டர் வந்து பிடிப்பார் என்று எழுதினால் இன்ஸ்பெக்டருக்குத்தான் வருமானம். பணம் கேட்கும் உரிமையே போகும் என்றால் உரிமத்தை அவர்களே தேடி வாங்குவார்கள்.

#23 | டெண்டர்பெட்டி

நாலு கொத்தனாரை வைத்துக் குளியலறை கட்டும் மேஸ்திரிக்கும் அதே விதியா? அவர் கூலியை வீட்டுக்காரர் ஏப்பம் விடுவதற்குச் சட்டமே வழி செய்து கொடுத்த மாதிரி ஆகும். ஒரு தொகை வரம்பு இல்லாமல் இதைப் பேசவே கூடாது.

#24 | மட்டப்பலகை

வரம்பு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். தொகையை விட, கட்டமைப்பைத் தொடுகிறதா என்பதை வரம்பாக வைக்கலாம். அஸ்திவாரம், தூண், பீம், தளம் தொட்டால் உரிமம். டைல்ஸ், பெயின்ட், பூச்சு என்றால் வேண்டாம்.

#25 | நிலவரைபடம்

கடைசியாக ஒன்று. தடை உத்தரவுக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்திருக்கிறது. புது டெண்டரில் "கடந்த ஐந்தாண்டுகளில் கருப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டதுண்டா?" என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்கிறார்கள். "இல்லை" என்று எழுதலாமா?

#26 | சட்டக்குறிப்பு

எழுதாதீர்கள். கேள்வி "இப்போது தடை அமலில் இருக்கிறதா" என்றால் பதில் வேறு. "சேர்க்கப்பட்டதுண்டா" என்றால் நடந்தது நடந்ததுதான். உத்தரவு எண், தேதி, ரிட் மனு எண், இடைக்கால உத்தரவின் நகல் நான்கையும் இணைத்து "ஆம், நிறுத்திவைக்கப்பட்டுள்ளது" என்று எழுதுங்கள். உத்தரவு முழுதாக ரத்தாகியிருந்தாலும் நகலோடு சொல்லிவிடுவதே பாதுகாப்பு. மறைத்தால், முதல் தடையில் ஜெயித்த பிறகும் பொய் உறுதிமொழிக்காக இரண்டாவது தடை வரும். அதில் மேலே பேசிய எந்த வாதமும் உதவாது.

#27 | டெண்டர்பெட்டி

இணையவழி டெண்டரில் "ஆம் / இல்லை" கட்டம் மட்டும்தான் இருக்கும் சார், விளக்கம் எழுத இடமே இருக்காது.

#28 | சட்டக்குறிப்பு

"ஆம்" கொடுத்துவிட்டு, தொழில்நுட்ப ஆவணங்களோடு ஒரு பக்கக் கடிதமாக நகல்களைப் பதிவேற்றுங்கள். ஏலத்துக்கு முந்தைய கூட்டம் இருந்தால் அங்கேயே எழுத்தில் கேள்வி கேட்டுப் பதிலை வாங்கி, அதையும் சேர்த்துவிடுங்கள்.